பெயர் சொல்லி அர்ச்சனை செய்த வெள்ளிக்கிழமை

தாய்மார்களே, கட்டிய புருஷன் உங்களைப் பார்த்து, "இது யாரு வீட்டுப் பொம்பள?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அது நடந்தது.

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். மாசி மாதம். குளத்தூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கும்போது மாடு மிரண்டது. அவர் கிணற்றடிக் கல்லில் தலை மோதி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. வீட்டுக்கு வந்ததும் பெற்ற தாயைத் தெரிந்தது, என்னைத் தெரியவில்லை. நான் சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார்.

ஊர் சும்மா இருக்குமா? காற்றுக் கருப்பு என்றார்கள். நான் வந்த நேரம் சரியில்லை என்றார்கள். மாமியார் ஒருநாள், "அவன் தேறுற வரைக்கும் நீ ஒங்க ஆத்தா வீட்டுல போய் இருத்தா" என்றார். போனால் திரும்ப முடியாது. வேறு பெண் பார்க்கும் பேச்சு என் காதிலும் விழுந்திருந்தது.

"தினமும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்ல வைத்தியம்! புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நான். எட்டு வருஷமாக "இந்தாங்க" என்றே காலத்தை ஓட்டியவள்.

திருக்கோகர்ணத்து அம்மன் தொலைந்ததை மீட்டுத் தருபவள். "தாயே, அவருக்குள் தொலைந்துபோன என்னை மீட்டுக் கொடு, வெல்லம் படைக்கிறேன்" என்று அழுதேன். ஆடி வெள்ளியன்று மாமியாரோடு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கால் வலி என்று மாமியார் வாசலில் உட்கார்ந்துவிட்டார். சந்நிதியில் அவர் எங்கோ பார்த்தபடி நின்றார்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் குருக்கள்.

எப்போதும் மாமியார்தான் பெயர் சொல்வார். இல்லாவிட்டால் சுவாமி பெயருக்கே என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அன்று டாக்டர் சொன்னது நெஞ்சில் வந்து நின்றது. தாயே, ஆயுசுக்கு நீதான் பொறுப்பு என்று கண்ணை மூடி, "கருப்பையா" என்றேன். குருக்களுக்குக் கேட்கவில்லை. "கருப்பையா!" என்று உரக்கச் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற என் புருஷன் சட்டென்று திரும்பினார். என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏ மீனாச்சி, புருசன் பேரைச் சொல்ற?"

அந்த அதட்டலைக் கேட்டு நான் அழுத அழுகை அம்மனுக்குத்தான் தெரியும்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்றும் கோபம் வரும், சில நாள் வார்த்தை வராது. ஆனால் என் கையால் சாப்பிடுகிறார். மாமியார் அதன்பிறகு ஆத்தா வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு ஊர் வாய்க்குப் பயந்து கிடப்பவர்கள் இருந்தால், அந்த அம்மனிடம் வாருங்கள். டாக்டர் சொன்னதையும் செய்யுங்கள். தினமும் காலையில் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் எழுப்புகிறேன். தினமும் திட்டுகிறார். கேட்டுக்கொண்டே அடுப்பை மூட்டுகிறேன்.