நாப்பது பேரை இருட்டுல நிறுத்தின ஃபிளாஷ்

நேத்து சிங்கப்பூர் பொங்கோல்ல ஒரு வளைகாப்பு...

(வார நாள்ல ஆபீஸ், ஞாயித்துக்கிழமையானா கேமரா. நம்ம பொழப்பு அப்படி.)

மீனாவுக்கு ஏழாம் மாசம். அவங்க அம்மா மன்னார்குடியில, முட்டி ஆபரேஷன் முடிஞ்சு படுக்கையில. வீடியோ கால் போட்டா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ கட்டாவுது.

"அண்ணா, எடுக்க எடுக்க ரெண்டு போட்டோ அனுப்பிடுங்கண்ணா. அம்மா ஃபோனைக் கையிலயே வெச்சுட்டு இருப்பாங்க."

"அதுக்கென்னலா, அனுப்பிடலாம்."

அவங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ சின்ன ஹால். அழுது வடியுற மஞ்சள் லைட்டு. சுவர் ஓரமா அடுக்கின பிளாஸ்டிக் நாற்காலி. பாத்ததுமே எனக்குப் பிடிக்கல.

அதனால என் வழக்கமான வேலையைக் காட்டினேன்.

ஷட்டரை வேகமா வெச்சு, ஃபிளாஷை நேரா அடிச்சா, ஹால் வெளிச்சம் கேமராவுக்குள்ள வர நேரமே இருக்காது. முன்னாடி இருக்கிற ஆள் மட்டும் பளிச்சுனு தெரியும். பின்னாடி எல்லாம் கறுப்பு. நாற்காலியும் காணோம், அழுக்குச் சுவரும் காணோம்.

மீனா கையில வேப்பிலைக் காப்பு, கன்னத்துல சந்தனம். மகாராணி மாதிரி இருந்தாங்க. மூணு படம் அனுப்பினேன். பாராட்டு வரும்னு காத்திருந்தேன்.

வந்தது ஒரு வாய்ஸ் மெசேஜ். மீனா ஸ்பீக்கர்ல போட்டுட்டாங்க.

"ஏண்டி, யாருமே வரலையா? இருட்டுல தனியா உக்காந்திருக்க?"

ஹாலே சிரிச்சுது. நாப்பது பேர் இருந்தோம்.

மீனா உடனே ஃபோன் போட்டாங்க. "ம்மா, ஹால் ஃபுல்லா ஆளும்மா."

"எனக்காகச் சொல்லாதடி." குரல் உடைஞ்சு போச்சு. லைனும் கட்டாயிடுச்சு.

இப்ப யாரும் சிரிக்கல. மீனா கன்னத்துச் சந்தனத்துல கண்ணீர் இறங்குது. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

ஷட்டரை மெதுவாக்கினேன். இருக்கிற வெளிச்சத்தை இழுத்துக்க ஐஎஸ்ஓ-வை ஏத்தினேன். ஃபிளாஷைக் குறைச்சு, சீலிங்கைப் பாக்கத் திருப்பினேன். அந்த வெள்ளை வெளிச்சம் தனியா துருத்திட்டு நிக்கக் கூடாதுன்னு ஆரஞ்சு ஃபில்டர் மாட்டினேன். எனக்குப் பிடிக்காத அந்த மஞ்சள் லைட்டு மெதுவா உள்ள வந்துச்சு. அதோட எல்லாரும் வந்தாங்க. (நாற்காலியும்தான்.)

எடுத்தேன். அனுப்பினேன்.

அஞ்சு நிமிஷத்துல அம்மாவே ஃபோன் பண்ணாங்க. மீனா ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"பின்னாடி கதவுகிட்ட முக்காடு போட்டுட்டு ஒரு அம்மா நிக்கிறாங்களே. உன்னையே பாத்துக் கண்ணைத் தொடைக்கிறாங்க. யாருடி அது?"

எல்லாரும் திரும்பிப் பாத்தோம்.

"பக்கத்து வீட்டு மலாய்க்கார ரொஹானா ஆன்ட்டிம்மா. எனக்கு மசக்கையா இருந்தப்ப தெனமும் கஞ்சி வெச்சுக் குடுத்தாங்கன்னு சொன்னேன்ல, அவங்கதான்."

"அவங்கள ஏன் கதவுகிட்ட நிக்க வெச்சிருக்கீங்க? முன்னாடி கூப்புடு. நான் போட வேண்டிய வளையலை அவங்கள போடச் சொல்லு."

ஆன்ட்டிக்கு விஷயத்தைச் சொன்னதும் பதறிட்டாங்க. "ஐ ஆல்சோ கேன் ஆ?" நானும் போடலாமா, உங்க சாமிக்குத் தப்பில்லையான்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க.

மீனா ரெண்டு கையையும் நீட்டினாங்க. ஆன்ட்டி ஒவ்வொரு வளையலா, உடைஞ்சிடுமோன்னு பயந்து பயந்து ஏத்தினாங்க. எனக்கு வியூஃபைண்டர் கலங்கிப் போச்சு. படம் லேசா ஷேக். பரவால்ல, அதையும் அனுப்பினேன்.

அம்மாகிட்டேருந்து வந்தது ஒரே வரி. "இனிமே நான் நிம்மதியா தூங்குவேன் தம்பி."

வீட்டுக்கு வந்து என் பேஜைத் திறந்தேன். அதிகம் லைக் வாங்கினதெல்லாம் அந்தக் கறுப்பு பேக்கிரவுண்ட் படங்கதான். எத்தனை ரொஹானா ஆன்ட்டியை இருட்டுல நிறுத்தியிருக்கேனோ தெரியல.

உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் வந்திருந்தா, கொஞ்சம் அந்தப் படத்தை எடுத்துப் பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.

அன்னிக்குப் பின்னாடி நின்னது யாரு?