வழித்துப் பூசிய சுவர்

லோகநாயகிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கல்லூரியில் அவளிடம் நிலவியல் படித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். அவள் சத்தமாகப் பாடம் நடத்தும்வரை பயமில்லை. மெல்லப் பேச ஆரம்பித்தால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். முப்பத்தைந்து வயதில் அவளைப் பற்றிக் காலனியில் இரண்டு விஷயம் சொல்வார்கள். கல்யாணம் ஆகாதவள், கோபக்காரி. முதலாவதற்கு இரண்டாவதே காரணம் என்று அண்ணி நம்பினாள். இப்படி வீட்டுக்கு வீடு பேசுவதுதான் கோபத்துக்கே காரணம் என்று லோகநாயகி நினைத்தாள்.

அவள் பட்ட கோபங்களிலெல்லாம் பெரியது 1987-ல் வந்தது. ஒரு லாரி மண்ணில் தொடங்கியது அது.

வங்கியில் வேலை பார்த்த அண்ணன் ஸ்ரீரங்கன் ராஜகீழ்ப்பாக்கத்தில் மனை வாங்கியிருந்தார். சமீபகாலம்வரை நெல் விளைந்த இடம். மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். அங்கே வீடு கட்டுகிற எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். செம்மண் அடித்து மனையை மேடாக்கினார். பக்கத்து மனைக்காரர் ரோட்டுக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்தியிருந்தால் இவர் இரண்டடி. அடுத்து வருகிறவர் இன்னும் மேலே. யார் வாசல் தண்ணீர் யார் வீட்டுக்குள் போவது என்பதை லாரிகள் தீர்மானித்த காலம்.

மண் பரப்புவதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவளை அனுப்பினார். கொட்டிய மண்ணில் எலுமிச்சம்பழ அளவு உருண்டைகள் கிடந்தன. கல்லாக இறுகியவை. சிலவற்றில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை இருந்தது. ஒன்றின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு வால்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலை உடைத்துப் பார்த்தாள். கிண்ணத்துக்குள் கிண்ணம் வைத்த மாதிரி வளைந்த அடுக்குகள், சிவப்பும் வெளுப்பும் மாறி மாறி. தண்ணீர் இப்படி அடுக்காது. மண்ணைக் குடைந்து முன்னேறும் பூச்சி, தோண்டிய மண்ணைத் தன் முதுகுக்குப் பின்னால் அழுத்தி அடைத்துக்கொண்டே போனால்தான் இந்த அடுக்கு வரும்.

மண் எங்கே வெட்டியது என்று டிரைவரிடம் கேட்டாள். காட்டாங்குளத்தூருக்கு மேற்கே, ரயில்வே கேட்டைத் தாண்டி என்றார். திரும்புகிற லாரியிலேயே ஏறிக்கொண்டாள். ஸ்ரீரங்கன் தங்கை மண்ணு லாரியில் போகிறாள் என்ற செய்தி லாரிக்கு முன்னால் சேலையூரில் அவர்கள் காலனிக்குப் போய்ச் சேர்ந்தது.

குழி இரண்டு ஆள் ஆழம். அதன் மேற்குச் சுவரில் மேலே சரளை, அடியில் வெளிறிய களிமண், நடுவே இடுப்பு உயரத்துக்குக் காவி நிறத்தில் ஒரு பட்டை. பட்டைக்குள் பழைய புல்வேர்கள் போன தடம் வெள்ளை நூல்களாக இறங்கியது. வேர்களுக்கு இடையே குழாய்கள். ஒவ்வொரு குழாயின் முடிவிலும் ஓர் உருண்டை, சில இடங்களில் இரண்டு மூன்று.

சாணி உருட்டும் வண்டின் வேலை. சாணியைப் பந்தாக்கி மண்ணுக்குள் கொண்டுபோய், அதில் முட்டையிட்டு, மேலே களிமண் பூசி மூடிவிட்டுத் தாய் போய்விடும். புழு உள்ளே தின்று வளர்ந்து ஓட்டை போட்டு வெளியேறும். ஓட்டையுள்ள உருண்டை பிழைத்த பிள்ளை. ஓட்டையில்லாதது உள்ளேயே முடிந்துபோனது. எத்தனை லட்சம் வருஷத்துக்கு முந்தியது என்று அன்று அவளுக்குத் தெரியாது. பின்னாலும் அவள் அடித்துச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் காவிப் பட்டை ஒருகாலத்தில் வெயில் பட்ட தரை, அதில் ஏதோ மிருகங்கள் மேய்ந்தன என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் துறைத்தலைவர் பட்டாபிராமனுக்கு இருந்தது. உருண்டையைக் கையில்கூட வாங்காமல், மண்ணில் இரும்புச் சத்து திரண்டு இப்படி ஆகும், செங்கல்பட்டு வரை கிடைக்கும் என்றார். குழாயைப் பற்றிச் சொன்னபோது, எறும்புப் புற்றைப் பார்த்திருப்பாய் என்றார். அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சாணிக்கு எதுக்கும்மா எம்.எஸ்சி.? முடிச்சூர் ரோட்டுல கூடையோட நின்னா போதாதா?"

சிரித்தவர்களின் முகங்களை லோகநாயகி ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

டேராடூனில் இந்த மாதிரித் தடங்களையே ஆராய்ந்துகொண்டிருந்தவர் டாக்டர் ஞானையா, திருநெல்வேலிக்காரர். அவருக்கு எழுதினாள். ஜூலையில் சென்னையில் ஒரு கருத்தரங்குக்கு வருவதாகவும், ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவதாகவும் பதில் வந்தது. ஒரே நிபந்தனை: உதிரி உருண்டை போதாது. குழாயும் உருண்டையும் சுவரில் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். அதைக் கண்ணால் பார்த்தால் அவளோடு சேர்ந்து கட்டுரை எழுதத் தயார். அவர் சொல்லிவிட்டால் பட்டாபிராமன் உட்பட யாரும் மறுக்க முடியாது.

ஆகவே அந்தச் சுவர் ஜூலைவரை நிற்கவேண்டும். குழி சிட்டிபாபுவுடையது. அப்பா விட்டுப்போன நிலத்தில் பயிர் வைப்பதைவிட நிலத்தையே விற்பது மேல் என்று முடிவு செய்தவர். சுவரை விடச் சொன்னதும், வண்டு வீட்டுக்கெல்லாம் காவல் இருக்கமுடியாது என்று சொல்லிவிட்டார். மண் வெட்ட அவர் வாங்கியிருந்த அனுமதி காலாவதியாகிப் பல மாதம் ஆயிற்று என்பது லாரி டிரைவர் மூலமாக லோகநாயகிக்குத் தெரியும். வடக்கேயிருந்து ஒரு பெரிய ஆள் இந்தச் சுவரைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் சொன்னாள். எந்த ஆபீசர் என்று அவர் கேட்டார். பெரியவர் என்றாள். மேலே விளக்கவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அன்றைக்கே சிட்டிபாபு அந்த இடத்தைச் சுற்றித் தேங்காய்நார்க் கயிறு கட்டி, யாரும் கடப்பாறை வைக்கக்கூடாது என்று ஆட்களுக்கு உத்தரவு போட்டார்.

குறித்த நாளில் பட்டாபிராமனும் காரில் ஏறிக்கொண்டார். வெளியூர் அறிஞர் வரும்போது துறைத்தலைவர் இல்லாமல் எப்படி என்பது அவர் வாதம். கேட்டைத் தாண்டியதும் குழிவரை வண்டிப்பாதை புதிதாக மண் போட்டுச் சமப்படுத்தியிருந்தது. குழி வாயிலில் தென்னங்குருத்துத் தோரணம். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பொடியால் கோடு.

அதற்கு அப்பால் சுவர். கொல்லறுக் கரண்டி பிடித்த கொத்தனார் கட்டியதுபோல நேராக, வழவழவென்று நின்றது. ஓர் அடி ஆழத்துக்கு வழித்து எடுத்து, செம்மண்ணைக் குழைத்துப் பூசி, ஓரத்தில் வெள்ளையும் காவியும் பட்டை அடித்திருந்தார்கள். முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் உருண்டைகள், கழுவித் துடைத்து, கோபுரமாக அடுக்கி, மேலே கதம்பம்.

தாம்பாளத்துக்குப் பக்கத்தில் ஈரக் கையோடு நின்றாள் மண் சுமக்கும் அஞ்சம்மாள். "வாலெல்லாம் தட்டிட்டேன் டீச்சரம்மா," என்றாள். "உருண்டையா இருந்தாத்தானே பாக்க லட்சணமா கீது."

லோகநாயகி சிட்டிபாபுவிடம் திரும்பி, யார் வழிக்கச் சொன்னது என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஞானையா காதைச் சாய்த்துத்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னாமா இப்படிக் கேக்கற? ஆபீசரு வராருன்னு நீதானே சொன்ன. கரடுமுரடா காட்டினா மூஞ்சில துப்பிட்டுப் போவாரு. வெட்டாதன்ன, வெட்டல. சுத்தம் பண்ணாதன்னியா? நேத்து இந்தக் கண்ணாடி சாரு வந்து பாத்துட்டு, அந்தாண்ட ஓரம் அசிங்கமா கீது, அத்தையும் வழிச்சுடுன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவள் பட்டாபிராமனைப் பார்த்தாள். ஞானையாவுக்கு மூட்டுவலி என்று கேள்விப்பட்டதாகவும், பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகவும் அவர் சொன்னார். பெரிய மனுஷன் வருகிற இடம் கொஞ்சம் பார்வையாக இருக்கவேண்டாமா என்றார்.

"நீங்க ஜியாலஜிதானே சார் படிச்சீங்க?"

வழித்த மண் எங்கே என்று சிட்டிபாபுவைக் கேட்டாள். வண்டிப்பாதையில்தான் கொட்டிச் சமப்படுத்தியது என்றார். அவர்கள் அதன் மேல்தான் காரில் வந்திருந்தார்கள்.

ஞானையா தாம்பாளத்து உருண்டைகளை லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. பிறகு, "நல்ல உருண்டைங்கதான்ம்மா," என்றார். "ஆனா இடத்துல பாக்காம நான் எழுத முடியாது. எழுதினா உங்களைத்தான் கிழிப்பாங்க." நியாயமாகப் பேசுகிறவரிடம் கோபப்படவும் வழியில்லை. மதியம் அவருக்கு மீனம்பாக்கத்தில் விமானம். பட்டாபிராமன் கார்க்கதவைத் திறந்து பிடித்தார், லோகநாயகி ஏறவில்லை.

கார் போனதும் ஓர் ஆள் வைத்துவிட்டுப் போன கடப்பாறையை எடுத்து, வெள்ளையடித்த பட்டையின் நடுவில் குத்தினாள். சிட்டிபாபு ஓடி வந்தார். வந்தவர் ஆபீசர் இல்லையா, வாத்தியாரா, இதுக்கா நான் மூணு நாள் லாரியை நிறுத்தித் தோரணம் கட்டினேன் என்று கத்தினார். ஆமாம், வாத்தியார்தான் என்றாள். உன் பயத்தை வைத்து வேலை வாங்கினேன், அந்தப் பயம்தான் இப்போது என் தலையில் விடிந்திருக்கிறது என்றாள். பேசிக்கொண்டே இன்னொரு குத்து. பூச்சு பெயர்ந்து அவள் புடவையில் விழுந்தது.

சிட்டிபாபு கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டே பார்த்தார். பிறகு கடப்பாறையை அவள் கையிலிருந்து பிடுங்கினார். "இப்படிக் கீழ குத்தினா மேல கீறது மொத்தமும் உன் தலைல வுழும். தள்ளு அந்தாண்ட. நாளைக்கு வெட்டப்போற சொவருதானே, இன்னிக்கே வெட்றேன்."

மேலிருந்து சரளையைத் தள்ளிவிட்டு, காவிப் பட்டையைப் பலகை பலகையாகப் பெயர்த்தார். முதல் பலகையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு முழம் உள்ளே போனபோது ஒரு துண்டு தானாகக் கழன்று விழுந்தது. பின்னால் வேர்நூல்களுக்கு நடுவே ஒரு குழாய் சாய்வாக இறங்கியது, கிண்ணக் கிண்ணமாக. அது முடியுமிடத்தில் இரண்டு உருண்டைகள், ஒன்றில் ஓட்டை, ஒன்று மூடியபடி.

"ரயில்வே கேட்டு மூடிக்கீறாங்கோ," என்றார் சிட்டிபாபு. தூரத்தில் எலக்ட்ரிக் ரயில் கூவியது. "காரு தாண்டியிருக்காது. ஏறு வண்டில."

புல்லட்டில் அவர் பின்னால் உட்கார்ந்து போனாள். கேட்டில் லாரிகளுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் நடுவே கார் மாட்டிக்கொண்டிருந்தது. ஞானையா பக்கத்துக் கதவை அவளே திறந்தாள். இடத்திலேயே இருக்கிறது சார், இறங்குங்கள் என்றாள். விமானம் போய்விடும் என்று பட்டாபிராமன் குறுக்கே பேசினார். ஞானையா ஒரு கணம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த விமானம் நாளைக்கும் இருக்கும் என்று சொல்லி இறங்கி, வேட்டி கட்டிப் பழகியவர்போல பேண்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு புல்லட்டில் ஏறினார். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. லோகநாயகி நடந்தாள். கொஞ்ச தூரத்தில் கார் அவளை எட்டிப் பிடித்து நின்றது. பட்டாபிராமன் கதவைத் திறந்து ஏறச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கார் அவள் வேகத்துக்கு ஊர்ந்து பின்னாலேயே வந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஞானையா சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்துக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக் கழுவ நனைத்த தேங்காய்நாரோடு அஞ்சம்மாள் சுவரை நெருங்க, கிட்டப் போனால் கையை ஒடிப்பேன் என்று சிட்டிபாபு மிரட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க சுவர்தான்மா," என்றார் ஞானையா, தலையைத் தூக்காமலே. "சந்தேகமே இல்லை. அளவுகோல் இருந்தா குடுங்க."

கொடுத்தாள். அப்போதுதான் பட்டாபிராமன் பாதையில் நின்று, துறை சார்பாக ஒரு போட்டோ எடுத்துவிடலாம், நம் டிபார்ட்மெண்ட் கண்டுபிடித்தது என்று நல்லபடியாகப் பதிவாகும் என்றார்.

"நீங்க அங்கயே நில்லுங்க சார்," என்றாள் லோகநாயகி. "நல்ல பகுதி உங்க காலுக்குக் கீழதான் கெடக்கு."

கட்டுரை 1989-ல் வந்தது. அதில் இரண்டு பெயர்கள். துறைத்தலைவர் பெயரை முதலில் போடுவதுதானே வழக்கம், அவர் பெயரே ஏன் இல்லை என்று பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். சுவரை வழித்தவர்கள் பெயரைப் போடுவதென்றால் அஞ்சம்மாள் பெயர்தான் முதலில் வரவேண்டும் சார் என்றாள் அவள். அந்தம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது, இவருக்குத் தெரியும். பிரின்சிபால் அவள் சொன்னது சரியாகக் காதில் விழாமல் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இன்னொரு தரம் சொன்னாள்.

அவள் பதவி உயர்வு பட்டாபிராமன் ஓய்வு பெறும்வரை அவர் மேஜையைத் தாண்டவில்லை. ஐந்து வருஷம். ஏன் என்று ஒருநாள்கூட அவள் கேட்கவில்லை. வழியனுப்பு விழாவன்று எல்லோரும் ஹாலுக்குப் போனார்கள். லோகநாயகி இரண்டாம் வருஷப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, வண்டலூருக்கு அந்தப் பக்கம் புதிதாக மண் வெட்டத் தொடங்கியிருந்த ஒரு குழிக்குப் போய்விட்டாள்.