எஸ்தர் தட்டிக்கொண்டு போன பிள்ளைகள்

காலைப் பயிற்சியின் நடுவில் வாட்ஸப்பில் செய்தி வந்தது. செம்பூர்க் கல்லூரியின் பாஸ்கெட்பால் பயிற்சியாளர் எஸ்தர் மாரடைப்பில் போய்விட்டாள். அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அழுகை வருவதற்கு முன் எனக்கு வந்த நினைப்பு, இனி பிரிசில்லா என் கல்லூரிக்குத்தான் வருவாள் என்பது. பிரிசில்லா தாராவிப் பெண். இந்த வருடம் பன்னிரண்டாவது முடித்தவள், மும்பையின் எல்லாக் கல்லூரிகளும் கேட்கிற ஆட்டக்காரி. சீ என்று இருந்தது. ஆனாலும் அதைத்தான் முதலில் நினைத்தேன்.

நானும் எஸ்தரும் தாராவியில் ஒரே சந்து, ஒரே பள்ளிக்கூட அணி. சர்ச்கேட் பக்கத்துப் பெரிய கல்லூரி ஒன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்கள் இருவரையும் அழைத்தது. நான் ஓடினேன். அவள் செம்பூருக்குப் போனாள். வேறெங்கும் நம்மை மதித்துச் சேர்க்காத காலத்தில் தலித் பெரியவர்கள் தாங்களே கூடி எழுப்பிய கல்லூரி அது. ஆடுகளம் வெறும் சிமெண்ட் தரை. கிறுக்கச்சி என்று திட்டினேன். நான் பளபளக்கும் மரத்தரையின் ஓரத்தில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவளோ நாற்பது நிமிடமும் ஆடினாள். எங்களுக்கு எதிராக ஆடிய அன்று அவள் பந்தைத் தொடும்போதெல்லாம் அவள் கூட்டம் “தாராவி, தாராவி” என்று கத்தியது. என் கல்லூரியில் தாராவி என்று சொல்லாமல், பக்கத்துச் சயானில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். வயிறு எரிந்தது.

பிறகு அவரவர் கல்லூரிக்கே பயிற்சியாளரானோம். ஒவ்வொரு ஜூனிலும் ஒரே பிள்ளைகளின் வீட்டுக் கதவை இருவரும் தட்டினோம். என்னிடம் நல்ல தரை, பிசியோ, ரயில்வே வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்களின் பழக்கம் எல்லாம் இருந்தன. சிமெண்டில் ஆடினால் முழங்கால் போகும் என்று நான் சொன்னதும் பொய்யில்லை, அவளுக்கே போயிருந்தது. அப்படியும் வருடத்துக்கு ஒருத்தியையாவது தட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகளுக்கு அவள் அக்கா, நான் மேடம்.

ஒருநாள் மாட்டுங்காவில் காபி குடிக்கும்போது போனை என் முன்னால் நீட்டினாள். அமெரிக்காவில் கறுப்பர்களுக்கென்று தொடங்கிய கல்லூரிகள் இருக்கின்றனவாம். நட்சத்திர ஆட்டக்காரர்கள் அங்கே போக வேண்டுமா, டிவியில் வருகிற பெரிய கல்லூரிக்கா என்று அதில் யார் யாரோ வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டி, நம்ம சண்டைய அங்கயும் போடுதாவ பாரு,” என்றாள்.

புத்தியுள்ளவள் பெரிய கல்லூரிக்குத்தான் போவாள் என்றேன்.

“நல்லா ஆடுறவள எல்லாம் ஒங்கிட்ட அனுப்பிட்டு, நம்ம காலேஜ் நல்லால்லன்னு சொன்னா எப்படிட்டி?”

காபி ஆறிவிட்டது என்று இன்னொன்று கேட்டேன்.

போன மாதம் பிரிசில்லாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா இட்லி வைத்து உபசரித்தார். எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. கிளம்பும்போது, பிள்ளைக்கு நல்லதென்று நினைத்து, காலேஜில் யாராவது கேட்டால் வீடு மாட்டுங்காவில் என்று சொல்லிக்கொள் என்றேன். அந்த அம்மா என்னையே பார்த்தார்.

“ஏன் மேடம், நாங்க இங்கனதான இருக்கோம்?”

அடக்கத்தன்று எஸ்தரின் பழைய பிள்ளைகள் மான்குர்த், பாண்டுப், உல்லாஸ்நகர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். சிலர் சேலைக்கு மேல் செம்பூர் அணியின் பழைய ஜெர்சியைப் போட்டிருந்தார்கள். நான் செத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்தேன். கல்லறைத் தோட்டத்திலும் பொறாமை! ஓரமாக நின்ற பிரிசில்லாவிடம் போய், எஸ்தர் இல்லாத இடத்தில் உனக்கு யார் சொல்லித் தருவார்கள், என்னிடம் வந்துவிடு என்றேன். வெட்கமில்லாமல் அங்கேயே கேட்டேன்.

“செம்பூர்ல நேத்தே பேர் குடுத்துட்டேன் மேடம்.”

அக்கா போனது தெரிந்த பிறகா என்று கேட்டேன்.

“தெரிஞ்சுதான் குடுத்தேன். அக்கா இல்லன்னா டீம் இல்லாம ஆயிருமா?”

எஸ்தரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்தப் பொறாமையைத்தான். இத்தனை காலம் அதற்குத் தரை, முழங்கால், எதிர்காலம் என்று வேறு வேறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் உயிரோடிருக்கும்வரை, தோற்றால் அடுத்த ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. செத்துப்போனவளை நான் எப்படி ஜெயிப்பேன்?