ரிங்லெட்டில் ஒரு லோரி பார்க்கப் போனேன்

காலை 5.40. கிள்ளானிலிருந்து என் வேனில் கிளம்பினேன். கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ஸ்ட்ராபெர்ரி தின்னவும், தேயிலைச் சரிவில் நின்று படம் பிடிக்கவும் போவார்கள். நான் லோரி பார்க்கப் போனேன். லோரி இன்ஜின் இறக்கி ஏற்றுவது என் தொழில்.

என் தங்கை கலா அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். அவள் புருஷன் சேகர் அதே எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறான். சொந்த லோரி. அடுத்த மாதத்திலிருந்து பெரிய லோரி வேண்டும் என்று எஸ்டேட் சொல்லிவிட்டது. பழைய ஜப்பான் இன்ஜினைப் புதுப்பித்து மறுபடி கட்டிய லோரி ஒன்று அங்கே ரிங்லெட் ஊர்ப் பட்டறையில் நிற்கிறது. விலை 92,000 மலேசிய வெள்ளி. ஈப்போவில் கம்பெனியிலிருந்து அப்படியே வந்த புது லோரி 178,000 வெள்ளி. சாயங்காலத்துக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். "நீ வந்து பாத்துச் சொல்லு மச்சான்" என்று கூப்பிட்டான்.

பார்ப்பதற்கு முன்பே என் முடிவு தயார். பழைய இன்ஜின்தான். புது லோரியில் இன்ஜினைவிட வயர் அதிகம்.

8.15. மலையடிவாரத்தில் தாப்பா. இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் டீ, 5 வெள்ளி 20 காசு. அங்கிருந்து ரிங்லெட்டுக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். முழுக்க வளைவுதான். பாதி வழியில் புத்தம் புது லோரி ஒன்று ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் சக்கரத்தில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தி விசாரித்தேன்.

"மஞ்ச லைட் எரியுதுண்ணே. கம்ப்யூட்டர் எடுத்துக்கிட்டு ஈப்போலேர்ந்து ஆளு வரணுமாம்."

"இன்ஜினு?"

"அது நல்லாத்தான் இருக்கு. லைட்டுதான் போக விடமாட்டேங்குது."

ரிங்லெட் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன்.

9.50. ரிங்லெட் பட்டறை. சேகர் எனக்காகக் காத்திருந்தான். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே சாவியைப் போட்டார். குளிரில் ஒரே முடுக்கில் பிடித்தது இன்ஜின். புகை இல்லை, உதறல் இல்லை. இருபது நிமிடம் ஓடவிட்டுக் கேட்டேன். எண்ணெய்க் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தேன். "கண்ண மூடிக்கிட்டு எடு" என்று சேகரிடம் சொன்னேன். லோரிக்கு அடியில் நான் குனிந்து பார்க்கவில்லை. இதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

"மொதல்ல எஸ்டேட்டுக்கு வா, ரோட்டப் பாரு" என்றான் சேகர்.

11.30. வேனை எஸ்டேட் லயத்தில், கலா வீட்டு வாசலில் விட்டுவிட்டு சேகரின் லோரியில் ஏறினேன். ஆறு வருடத்துக்கு முன்பு அதே பட்டறையில் நான் பார்த்துச் சொல்லி வாங்கிய லோரி அது. இன்ஜின் இன்னமும் பூனை மாதிரி ஓடுகிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னால் எட்டுப் பெண்கள். மேல் மலைக்குப் போகிறார்கள். கலா உட்பட மூன்று பேர் தமிழர், மற்றவர்கள் இந்தோனேசியர். இரண்டு பக்கமும் தேயிலை. ஊட்டிக்குப் போனவர்கள் அந்தப் பச்சையை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைப் பற்றி எழுத மனசில்லை.

மூன்று கிலோமீட்டர் ஏறியதும் கொண்டை ஊசி வளைவு ஒன்று வந்தது. உள்பக்கம் மண் மேடு, அதன்மேல் தேயிலைச் செடி. வெளிப்பக்கம் ஒன்றுமில்லை. கீழே ஆற்றுச் சத்தம் மட்டும். வளைவுக்கு முன்னால் சேகர் லோரியை நிறுத்தினான். யாரும் இறங்கச் சொல்லவில்லை. எட்டுப் பெண்களும் இறங்கி நடந்தார்கள். சேகர் வெறும் லோரியைத் திருப்பினான். பாதி வளைவில், என் காலுக்குக் கீழே, டொக் என்று ஒரு சத்தம். வளைவு தாண்டியதும் பெண்கள் மறுபடி ஏற வந்தார்கள்.

நான் கீழே குதித்தேன். "ஏன் எறங்குனீங்க?"

"டொக்குங்குதுல்ல, அதான்" என்றாள் கலா.

"எத்தனை நாளா?"

"ரெண்டு தீபாவளி இருக்கும்ணே."

இன்னொரு பெண் சிரித்தாள். "கலாக்கா, ஒங்க அண்ணன் லோரி டாக்டருன்னியே. ஊசி போடச் சொல்லு."

லோரிக்கு அடியில் புகுந்தேன். மொத்த லோரியையும் தாங்குகிற இரும்புச் சட்டம், சேசிஸ் என்போம். அதைக் குறுக்கே அறுத்திருந்தார்கள். நடுவில் இரண்டரை அடியை எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் ஒட்டி வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட். வெல்டிங் ஓரமாக ஒரு கீறல். என் விரல் நகம் உள்ளே போனது. முப்பது வருடம் லோரிக்கு அடியில் படுத்தவன் நான். அப்படி ஒரு கீறலை நான் பார்த்ததில்லை.

"யார்றா வெட்டுனது?" என்று கத்தினேன்.

"தவுக்கேதான். நீ பாத்துட்டுப் போனப்பறம் வெட்டிக் குடுத்தாரு" என்றான் சேகர். "நீட்டு லோரி இந்த முக்குல திரும்பாது மச்சான். இங்க எல்லா லோரியும் வெட்டுனதுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கலா பதில் சொன்னாள். "நீதானேண்ணே சொன்ன, இன்ஜின் நல்லா இருந்தா லோரி சாவாதுன்னு."

அறைந்த மாதிரி இருந்தது. என் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து சேகர் மேல் கொட்டினேன். பட்டறை லோரி வேண்டவே வேண்டாம், கடன் போட்டாவது புதுசை எடு என்றேன். மஞ்சள் லைட் எரிந்தால் எரியட்டும், லோரி நிற்கத்தானே செய்யும்.

"நானும் புதுசுன்னுதான் நெனச்சிருக்கேன்" என்றான். "ஆனா அது இதவிட நீட்டு. தவுக்கேகிட்ட பேசிட்டேன்லா. மூணு அடி எடுத்துருவாரு."

கம்பெனி அளந்து கட்டி, சோதித்து அனுப்பிய புது லோரியை வாங்கி, ஒரு நாள்கூட ஓட்டாமல், அறுக்கக் கொடுக்கப் போகிறான். அதையும் சந்தைக் கணக்குச் சொல்வதுபோல் சொல்கிறான்.

அந்த நேரம் எஸ்டேட் குமாஸ்தா, கிராணி என்போம், மோட்டார் சைக்கிளில் வந்தார். சின்ன வயசுக்காரர். மண் மேட்டைக் காட்டினேன். "இந்த ரெண்டு வரிசை செடிய எடுத்துட்டு மேட்ட வெட்டுனா, எந்த லோரியும் திரும்பும். ஒரு நாள் வேல."

"செடி எடுக்கணும்னா தொரைக்கு எழுதணும்ணே."

"எழுதுனீங்களா?"

"இல்லியே. யாரும் கேக்கல. லோரிதான் திரும்பிக்கிட்டு இருக்கே."

அவர் நக்கல் பண்ணவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். செடியை வெட்டத் துரையிடம் அனுமதி வேண்டும். லோரியை வெட்ட யாரையும் கேட்க வேண்டாம்.

நான் லோரியில் ஏறி சாவியை உருவி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கீழே நடந்தேன். "மச்சான், மேல மூட்ட மூட்டயா கொழுந்து கெடக்கு! கெட்டுப்போயிரும்!" என்று சேகர் பின்னாலேயே ஓடி வந்தான். "கெடட்டும்" என்றேன். பாதி வழியில் கையைப் பிடித்தான், உதறினேன். அதற்குமேல் அவன் வரவில்லை.

பிற்பகல் 2.30. லயத்திலிருந்து வேனை எடுத்தேன். ரிங்லெட் பட்டறையில் நான் காலையில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்ன லோரி நின்றது. இந்தத் தடவை இறங்கி அடியில் பார்த்தேன். வெட்டவில்லை. வெட்ட வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு மட்டும் போட்டிருந்தது. தவுக்கே காப்பி வேண்டுமா என்று கேட்டார்.

4.20. தாப்பா. கிள்ளானில் லோரி திரும்பவில்லை என்றால் சந்திப்பை அகலப்படுத்தச் சொல்லி நாங்கள் கத்துவோம். மலையில் லோரியைக் குட்டையாக்குகிறார்கள், ஆட்களை நடக்கவிடுகிறார்கள். இதை யோசித்தபடி வேனுக்கு எண்ணெய் ஊற்றும்போது கலா போன் செய்தாள்.

"கொழுந்து கெடலண்ணே. கிராணி வேற லோரி கூப்புட்டுட்டாரு."

"வெட்டாததா?"

"அதுவும் நம்ம தவுக்கே வெட்டுனதுதான். எங்க வீட்டுக்காரரு ஈப்போவுக்குப் போன் போட்டுப் புதுசுக்கு சரின்னுட்டாரு. வெட்டுறதுக்கு நேரா பட்டறைக்குத்தான் வருதாம்."

"கலா, நீ அதுல ஏறாத. செத்துருவீங்கடி."

"நீ ஏண்ணே பயப்படுற?" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில். "முக்கு வந்தா நாங்கதான் எறங்கிருவோமே. அவருதானே ஓட்டப்போறாரு."