காப்புக் கட்டிய கையும் பின்னால் வந்த லாரியும்

மொரிஷியஸுக்குப் போகவிருக்கும் வாசகர் ஒருவர், தெற்குப் பக்கம் கார் எடுத்து ஓட்டலாமா, பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து ஹாரன் அடிப்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தத் தீவில் நான்கு வருடம் இருந்தேன். பின்சீட்டு அனுபவம் நிறையவே உண்டு. அதில் ஒரு பயணத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன். அந்தத் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருடம், தைப்பூச சமயம்.

என் கணவருக்கு விமான நிலையத்தில் ஒப்பந்த வேலை. அதை ஒட்டிய பிளேன் மாக்னியனில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக் கோவிந்தேன் அதே நிலையத்தில் குமாஸ்தா. கரும்புத் தோட்டத்துக் கூலியாக வந்தவரின் கொள்ளுப்பேரன். வீட்டில் பிரெஞ்சு கலந்த கிரியோல்தான் பேசுவார்கள். தமிழ், சாமிக்கும் எனக்கும் மட்டும். மனைவி சரோஜா. ஒரே மகள் மாலாவுக்கு ஒன்பது வயது. இளம்பிள்ளை வாதம் வந்து இடது காலில் இரும்புப் பட்டை போட்டிருந்தாள். அவளுக்காக மூன்று வருடம் காவடி எடுப்பதாகக் கோவிந்தேன் வேண்டியிருந்தார். அது மூன்றாவது வருடம். அடுத்த மாதம் அவள் காலில் ஆபரேஷன். அதற்குள் வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்பதில் அவர் உயிரையே வைத்திருந்தார்.

வேண்டிக்கொண்டது செமின் கிரனியேயில் உள்ள முருகன் கோயிலில். அது சரோஜாவின் பிறந்த ஊர். பிளேன் மாக்னியனிலிருந்து பதினெட்டு மைல் இருக்கும். பஸ்ஸில் போனால் நடுவில் இறங்கி மாற வேண்டும். நல்லவேளையாகக் கோவிந்தேனிடம் பழைய மோரிஸ் கார் ஒன்று இருந்தது. "அக்கா, நீங்களும் வாங்க. கோயில் பார்க்கலாம்" என்று சரோஜா கூப்பிட்டாள். பூசத்துக்கு நான்கு நாள் முன்னால், காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். காவடியின் மரச்சட்டத்தைக் காரின் மேல் வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பூவும் மயிலிறகும் ஊரில் போய்த்தான் வைப்பார்களாம்.

கணவன் மனைவி இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் காப்பு. கட்டி ஆறு நாள் ஆகியிருந்தது. காப்புக் கட்டினால் மாமிசம் இல்லை, மது இல்லை, சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது, ரத்தம் படக்கூடாது. கோபமும் கூடாது. கோவிந்தேனுக்கு மற்றதெல்லாம் சுலபம், கடைசிதான் கஷ்டம். சாதாரண நாளில் பின்னால் வருபவன் ஒரு தடவை ஹாரன் அடித்தால் இவர் மூன்று தடவை அடிப்பார். கண்ணாடியை இறக்கி அவன் பரம்பரையையே விசாரிப்பார். இந்த ஆறு நாளாக வாயைத் திறக்கவில்லை என்று சரோஜா என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

முதல் ஏழெட்டு மைல் நிம்மதியாகப் போனது. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு, நடுவே கருங்கல் சுவர்களுக்கு இடையில் ஒரு ஒடுக்கமான சாலை. இரவு பெய்த மழையில் தார் இன்னும் ஈரமாக இருந்தது. மேலே காவடி இருந்ததால் கோவிந்தேன் மெதுவாகவே ஓட்டினார்.

அப்போதுதான் அந்த மணல் லாரி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் கண்ணாடி முழுக்க அதன் முகம்தான். விடாமல் ஹாரன். ஒதுங்க இடமில்லாத சாலையில் எங்கே போவது? மாலா காதைப் பொத்திக்கொண்டாள். "லெஸ் லி பாஸே, போக விடு அவனை" என்றாள் சரோஜா. சற்று தூரத்தில் ஒரு சீனாக்காரர் கடை வந்தது. அதன் முன்னால் இரண்டு வண்டி நிற்கிற அளவுக்குத் திடல் இருந்தது. கோவிந்தேன் ஒதுங்கவில்லை. வேகத்தை இன்னும் குறைத்தார். லாரி எங்கள் பின்புறத்தை உரசுகிற மாதிரி வந்தது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

ரிவியேர் தேசாங்கி என்ற ஊருக்கு முன்னால் சாலை ஆற்றை நோக்கி இறங்குகிறது. அந்த இறக்கத்தில் லாரி எங்களை முந்தியது. காரின் பக்கக் கண்ணாடி நொறுங்கிப் பறந்தது. ஓட்டினவன் கையை வெளியே நீட்டி ஏதோ திட்டிக்கொண்டே போனான். கோவிந்தேன் ஓரமாக நிறுத்தி, இறங்கி, முதலில் காவடியைத்தான் தொட்டுப் பார்த்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி கிளம்பினோம்.

இரண்டாவது வளைவில் லாரி கல்சுவரை இடித்துச் சாய்ந்து கிடந்தது. மணல் சாலை முழுக்கக் கொட்டியிருந்தது. ஓட்டினவன் கதவுக்கு வெளியே பாதி தொங்கிக்கொண்டு முனகினான். முப்பது வயது இருக்கும். தொடையிலிருந்து ரத்தம் கொட்டியது. சுற்றிலும் ஈ காக்கை இல்லை.

"நிக்காத" என்றாள் சரோஜா. "காப்பு இருக்கு கையில. மாலாவுக்குக் கட்டினது. ஊருக்குப் போய் ஆள் அனுப்பலாம்."

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வருடம் அந்த இரும்புப் பட்டையைத் தினமும் காலையில் மாட்டிவிட்டவள் அவள். கோவிந்தேன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவன் செத்துவிட்டால் காவடி போச்சு, ரத்தம் பட்டாலே போச்சு.

மாலா காலை இரண்டு கையாலும் தூக்கி மடக்கிக்கொண்டு என் பக்கம் நகர்ந்தாள். "பப்பா, இங்க இடம் இருக்கு" என்றாள் கிரியோலில்.

கோவிந்தேன் இறங்கிப் போனார். அவரும் நானும்தான் அவனைத் தூக்கினோம். என் புடவையைக் கிழித்து அவன் தொடையில் கட்டினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் தலை என் மடியில், ரத்தம் சீட்டிலும் மாலாவின் பாவாடையிலும். கோவிந்தேனின் காப்பு சிவப்பாகிவிட்டது. சரோஜா முன்சீட்டில் திரும்பிப் பார்க்காமல் அழுதுகொண்டே வந்தாள்.

போகிறவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை எழுதிய பிறகு எனக்கு அதற்கு மனம் வராது. அந்தப் பக்கம் தை மாசி மழைக்காலம், இறக்கங்கள் வழுக்கும். இப்போது சாலைகள் அகலமாகிவிட்டன என்கிறார்கள், ஆனால் ஆற்றை ஒட்டிய வளைவுகள் எங்கே போகும்? இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும். பின்னால் ஒருவன் நெருக்கினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். அவனுக்குப் பாடம் புகட்டப் பிரேக்கும் போடாதீர்கள். கடையோ கோயிலோ வந்தால் ஒதுங்கி, அவனைப் போகவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். தைப்பூச வாரத்தில் போனால் சாலையில் நடந்து போகிறவர்கள் அதிகம், அவர்களுக்கும் வழி விட வேண்டும். எங்களை நெருக்கியவன் பிழைத்துக்கொண்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம்தான் செமின் கிரனியே போய்ச் சேர்ந்தோம். குளித்து, துணி மாற்றி, கோயிலுக்குப் போனோம். நடந்ததையெல்லாம் சரோஜாவே பூசாரியிடம் சொன்னாள். வயதானவர், நிதானமாகக் கேட்டார். "உயிரைக் காப்பாத்தினதுக்குத் தீட்டு இல்ல, கோவிந்தேன். புதுக் காப்புக் கட்டுறேன். காவடி எடுக்கலாம்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரோஜா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கோவிந்தேன் கையை நீட்டவில்லை.

"வேணாம், ஐயா" என்றார். தமிழில் வார்த்தை தேடித் தேடிப் பேசினார். "ரத்தம் பட்டதுக்கு இல்ல. அவன் பின்னால வந்தான்ல, அப்ப நான் வாய் திறக்கல. மனசுல மட்டும் கேட்டேன். முருகா, இவன் அந்த ஆத்துல விழணும்னு கேட்டேன். மாலா காலுக்குக் கேட்ட அதே வாயால. காப்புப் போட்டுக்கிட்டுக் கேட்டேன்."

பூசாரி ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். கோவிந்தேன் தலையை ஆட்டினார். "மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கிறேன். மூணு வருசம்."

"ஆபரேஷன் அடுத்த மாசம், கோவிந்தேன்" என்றார் பூசாரி மெதுவாக.

"தெரியும்."

சரோஜா அவரைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சன்னதியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் கையை, காப்புக் கட்டிய கையை, பூசாரியின் முன்னால் நீட்டினாள்.

"எனக்கும் அவுத்துடுங்க" என்றாள். "நானும் அதையேதான் கேட்டேன்."

பூசாரி இரண்டு காப்புகளையும் அவிழ்த்தார். அந்த வருடம் மாலாவுக்காக யாரும் காவடி எடுக்கவில்லை.