மாமா மறித்த முகத்துவாரம்

கதிர் சாய்ந்து தண்ணீருக்குள் அழுகும் வாடை, வெள்ளம் ஊருக்குள் வருவதற்கு முன்பே வந்துவிடும். சோற்றுப் பானையைக் கழுவாமல் மூடிவைத்துச் சில நாள் கழித்துத் திறந்தால் மூக்கில் அடிக்குமே, அந்தப் புளித்த நாற்றம்தான். ஆனால் ஒரு பானையிலிருந்து அல்ல, கண்ணுக்கெட்டிய வயல் முழுவதிலுமிருந்து வரும். கல்முனைக்குத் தெற்கே கடலை ஒட்டிய எங்கள் ஊரில், மாரி காலத்தில் அந்த வாடை வந்துவிட்டால் பெண்கள் பேச்சைக் குறைத்துவிடுவார்கள், ஆண்கள் 'மம்பட்டி'யைத் தேடுவார்கள். மண்வெட்டியை மண் வெட்டுவதற்காக மட்டுமே கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் முகத்துவாரத்தைக் கவனிப்பதில்லை. கவனிக்க அங்கே என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் உவர்நீர் தேங்கிக் கிடக்கும் களப்பு, அந்தப் பக்கம் கடல், இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டி, அவ்வளவுதான். நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களில் வடிகிற மழைநீரெல்லாம் களப்பில் வந்து சேரும்போது, அந்த மணல்தான் அதைக் கடலுக்குப் போகவிடாமல் மறித்துக்கொண்டு கிடக்கும். மணலை வெட்டாவிட்டால் விளைந்த வயல் மூழ்கும். வெட்டினால் களப்பில் கொழுத்துவருகிற இறாலெல்லாம் கடலோடு போய்விடும். வயல்காரருக்கு அந்த மணல் பகை, தோணிக்காரருக்கு அதுவே சோறு.

இதற்கு ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வயல்களுக்குப் பொறுப்பான 'வட்டவிதானை'யும் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மாரும் தோணிக்காரரும் கூடிப் பேசி ஒரு நாளைக் குறிப்பார்கள். வயல்காரர்கள் கடல் பக்கத்திலிருந்து களப்பை நோக்கி வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்து, களப்போரத்தில் ஓர் ஆள் நிற்கக்கூடிய அளவு மண்ணை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்தக் கடைசி மண்ணைத் தோணிக்காரர் ஒருவர்தான் தட்டவேண்டும். அவர் தட்டினால் எல்லோருக்கும் சம்மதம், தோணிகளையும் கரையேற்றியாயிற்று என்று பொருள். அவர் தட்டாமல் வயல்காரன் கை வைக்கக் கூடாது.

என் வாப்பா வயல்காரர். உம்மா 'காக்கா' என்று அழைக்கும் மூத்த சகோதரரான எங்கள் மாமா தோணிக்காரர். அது போதாதென்று, வாப்பா குடியிருந்த வீடே மாமா கட்டியதுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டில் வந்துதான் இருப்பார். தகப்பனில்லாத தங்கைக்காக மாமா இறால் பிடித்தே கல் கல்லாக அந்த வீட்டைக் கட்டினார். வாப்பா விதைத்த வயலும் உம்மாவுக்கு வந்த சீதனம். ஆக, தலைக்கு மேலிருந்த ஓடும் காலுக்குக் கீழிருந்த சேறும் மனைவி வீட்டால் வந்தவை என்பதை வாப்பா மறந்தாலும் ஊர் மறக்கவிடாது. அவருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது வந்த மாரி அப்படியொரு மாரி. கதிர் முற்றுகிற நேரத்தில் மழை விடாமல் ஊற்றியது. தோணிக்காரர்கள், "இறால் இன்னும் பருவத்துக்கு வரல்ல, கொஞ்சம் பொறுங்க" என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒரு காலையில் வாப்பா வயலிலிருந்து அழுகிய கதிர்க் கற்றையொன்றைக் கொண்டுவந்து உம்மாவின் காலடியில் எறிந்தார்.

"காக்காட்ட இன்னொருக்காக் கதைச்சுப் பாருங்களேன்" என்றார் உம்மா.

"தலைக்கு மேல வெள்ளம் போயிட்டு. இனிச் சாண் போனா என்ன, முழம் போனா என்ன? இண்டைக்கு வெட்டுறதுதான்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாப்பா போய்விட்டார். பெண்கள் முகத்துவாரத்துக்குப் போகிற வழக்கமில்லை. உம்மா சற்று நேரம் வாசலில் நின்றார். பிறகு முட்டாக்கைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி ஓடத் தொடங்கினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் முக்கால்வாசி வெட்டப்பட்டிருந்தது. எங்கள் ஊர் வயல்காரர்களும் நாவிதன்வெளிப் பக்கத்துத் தமிழ் வயல்காரர்களும் வெறி பிடித்தவர்களைப் போல மண்ணை வாரி எறிந்துகொண்டிருக்க, தோணிக்காரர்கள் துடுப்புகளோடு வந்து விழுந்தார்கள். வட்டவிதானையின் மண்டை பிளந்து வெள்ளைச் சட்டை சிவந்தது. ஒருவர் தன் பல்லைத் தானே மணலில் துப்பியதைக் கண்டேன். இன்னொருவரைக் களப்புக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அவருடைய கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருந்தன. விடிகாலை சுபஹுத் தொழுகைக்குத் தோளோடு தோள் நின்றவர்கள் நண்பகல் லுஹருக்கு முன் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்த மனிதர்கள் என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

அந்தக் கடைசி மண்ணில் மாமா ஏறி நின்றார். கையில் ஒன்றுமில்லை.

"தள்ளுங்க மச்சான், மரியாதையாச் சொல்றன்" என்றார் வாப்பா.

"தோணி ஒண்டும் கரையேறல்ல. வெட்டினா எல்லாம் கடலோட போகும். முதல்ல என்ன வெட்டு மச்சான், பொறகு மண்ண வெட்டு!"

வாப்பா வெட்டினார். தான் குறிவைத்தது மண்ணைத்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே இருக்கட்டும், வெட்டுப்பட்டது மாமாவின் பாதம். மாமா கத்தி முடிப்பதற்குள் மண் இடிந்து களப்பு பாய்ந்தது. முழங்கையகல வாய்க்கால் கண்முன்னே தெருவளவு அகன்றது. இரண்டு கரையும் பாளம் பாளமாக விழுந்தன. தோணிகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. கரையிலிருந்த மீன் வாடி கூரையோடு சரிந்து போனது. செந்நிற நீரில் மாமாவின் தலை ஒருமுறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ஒரு கணம் எல்லோரும் அடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இரண்டு பகுதியாரும் சேர்ந்து கரையோரமாக ஓடினார்கள். வடக்கே வெகுதூரம் தள்ளி அலை மாமாவைத் தூக்கி எறிந்தது. உயிர் இருந்தது. காலில் மூன்று விரல்கள் இல்லை.

பொழுது சாய்கிற நேரம் வாப்பா வீட்டுக்கு வந்தார். உம்மா வாசலை மறித்து நின்றார். அதற்கு முன் அவர் வாப்பாவை எதிர்த்து நின்று நான் பார்த்ததில்லை.

"இது என்ட காக்கா கட்டின வீடு. காக்கா சொல்லாம இந்தப் படியில நீங்க ஏறப்படாது."

"உன்ட வயலக் காப்பாத்தத்தானே புள்ள நான் வெட்டின?" என்றார் வாப்பா. உம்மா கதவைச் சாத்தினார். வாப்பா வயலில் காவலுக்குப் போட்டிருந்த வாடிக்குப் போய்விட்டார்.

தண்ணீர் வடிந்து வயல் பிழைத்தது. வாப்பா அனுப்பிய நெல் மூட்டைகள் முற்றத்திலேயே கிடந்தன, எலிகள் தின்றன. உம்மா ஒரு மணியைக்கூட அடுப்பில் ஏற்றவில்லை, கடை அரிசிதான் சமைத்தார். ஆடு பகை, குட்டி உறவு என்பார்களே, அதைப் போலக் கால்கட்டோடு கிடந்த மாமா எங்களுக்கு மட்டும் மீன் அனுப்பிக்கொண்டிருந்தார். சமாதானம் பேச வந்த மரைக்கார்மாரிடம் உம்மா, "வெட்டினது அவர், வெட்டுப்பட்டது காக்கா. நடுவுல உங்களுக்கு என்ன வேல?" என்று கேட்டார். வாப்பா திரும்பி வரவேமாட்டார் என்று நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். உம்மாவும் மெலிந்துகொண்டே போனார், ஆனால் மனதை மாற்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது, கோல் ஊன்றி நின்ற மாமா வாப்பாவின் சட்டையை எட்டிப் பிடித்து, ஊர் பார்க்க அந்தக் கோலாலேயே விளாசினார். வாப்பா கையை உயர்த்தவில்லை. உதடு கிழிந்து இரத்தம் வழிய வழிய மாமா அவரைத் தெரு நீளம் இழுத்துக்கொண்டு வந்து எங்கள் படியில் தள்ளினார்.

"தங்கச்சி, இந்தா உன்ட மாப்பிள. என்ட கணக்கு முடிஞ்சி. இனி அடிக்கிறதெண்டா நீ அடி."

உம்மா ஓடிவந்து முதலில் மாமாவின் காலைப் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் வாப்பாவின் முகத்தைக் கழுவினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எலி தின்று மிஞ்சிய அந்த நெல்லைக் குற்றிச் சோறு ஆக்கினார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அதன் பிறகும் ஒவ்வொரு மாரிக்கும் மச்சான்மார் இருவரும் முகத்துவாரத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள்; மண்வெட்டியை மட்டும் தூர வைத்துவிட்டுத்தான் கைகலப்பார்கள்.

இப்போது மாரி வந்தால் ஒரு பெக்கோ இயந்திரம் வந்து சில மணி நேரத்தில் மணலை வெட்டிவிட்டுப் போகிறது. யாரும் யாரிடமும் கேட்பதில்லை. களப்பில் இறால் குறைந்துவிட்டது, வயல்களில் பாதி வீட்டு வளவாகிவிட்டது. அந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. அன்று நாங்கள் ஊரில் இல்லாததால் பிழைத்தோம். கடல் அத்தோடு நிற்கவில்லை, ஆண்டுதோறும் கரையைத் தின்றுகொண்டு வந்து, சென்ற மாரியில் பழைய மையவாடியின் மதிலை இடித்தது. மாமாவும் வாப்பாவும் அங்கேதான் பக்கத்துப் பக்கத்தில் அடங்கியிருந்தார்கள். காலையில் ஊரார் போனபோது எலும்புகள் மணலில் கலந்து கிடந்தனவாம். யாருடையது எது என்று பிரிக்க முடியாமல், மரியாதையோடு எடுத்து, உள்ளே தள்ளி ஒரே கபுறில் அடக்கம் செய்தார்கள்.

ஊரிலேயே இருக்கும் என் தம்பி தொலைபேசியில் இதைச் சொன்னபோது, வெளியூரில் என்னோடு இருக்கும் உம்மாவும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை என்னிடமிருந்து வாங்கினார்.

"ரெண்டு பேரையும் ஒரு கபுறுக்குள்ளயா வெச்சீங்க? மாரி வந்தா ஒருத்தரோட ஒருத்தர் அடிபடுவாங்களேடா" என்றார். சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.