வேலிக்குக் கீழே ஒரு கிணறு

காந்தலில் வாடகை வீட்டுக் குழாயடியில் குடத்தோடு நின்றே காலம் கழித்த எனக்கு, சொந்தக் கிணறு பெரிய ஆசை. அரவேணு பக்கம் தேயிலைச் சரிவில் சின்ன இடம் வாங்கியதும், மேட்டில் கிணறு, பள்ளத்து வேலியோரம் செப்டிக் டேங்க் என்று முடிவு செய்தோம். கழிவு எங்கள் கிணற்றுக்கு வராதல்லவா!

குழி தோண்டத் தொடங்கிய அன்று கீழ்வீட்டு அம்மா ஓடி வந்தார். "ஏனுங்க, வேலிக்குக் கீழயே எங்க கிணறு இருக்குதுங்க. அந்தத் தண்ணியத்தானுங்க குடிக்கிறோம்."

எட்டிப் பார்த்தேன். தேயிலைச் செடிகளின் மறைவில் தண்ணீர் மினுங்கியது. டேங்கை மேலே தள்ளினால், அதிலிருந்து போதிய தூரத்தில் எங்கள் கிணற்றுக்கு இடமில்லை. டேங்கை மேட்டுக்கு மாற்றி, கிணற்றை விட்டுவிட்டோம்.

இப்போது எங்களுக்குக் கூரை மழைநீர்தான். சரிவில் வீடு கட்டுபவர்களிடம், வேலியைத் தாண்டிக் கீழே பார்க்கச் சொல்கிறேன். கீழ்வீட்டுக் கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் கேட்டால் மட்டும், கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டு நின்றுவிடுகிறேன்.